பலூன் மேல் ஒட்டிய விளக்குகள்

மாமா,

பொங்கோலில் இருக்கிற மகள் வீட்டு அடுப்பில் மைதாப் பசை கொதிக்கிறது. அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல மகள் தன் போனில் தட்டிக்கொள்கிறாள். நடுநடுவே எழுந்துபோய்ப் பசையைக் கிண்டிவிட்டு வருகிறாள். கட்டி தட்டினால் பசை போச்சு என்று நீங்கள் சொன்னதை அவள் மறக்கவில்லை.

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் தோரணம், விளக்கு எல்லாம் தொங்குகின்றன. வாங்கலாமா என்று மருமகன் கேட்டார். மகள் வேண்டாம் என்றுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் தரையில் உட்காரவைத்துக் காகிதம் கிழிக்கச் சொல்லியிருக்கிறாள். பலூன் மட்டும் கடையில் வாங்கியது. அன்றைக்கும் நாம் காசு கொடுத்து வாங்கியது பலூன் மட்டும்தான்.

அப்போது பிடோக்கில் நம் இருவருக்கும் ஒரே மாடி. அதைத் தவிர நமக்குள் வேறு உறவு இல்லை. நாங்கள் குடிவந்த அன்று அலமாரி தூக்க வந்தீர்கள். "அந்தப் பக்கம் பிடி மாப்ளே" என்றீர்கள். நானும் "சரி மாமா" என்றேன். அந்த முறையே நிலைத்துவிட்டது. எங்கள் வீடு நடுவில், ஒரு பக்கம் உங்கள் வீடு, மறுபக்கம் சீன ஆன்ட்டியின் வீடு. எனக்குத் துவாஸில் கப்பல் பட்டறை வேலை, என் மனைவிக்குப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலை. பள்ளி விட்டதும் மகள் ஆன்ட்டி வீட்டுக்குத்தான் போவாள். சோறு அங்கே, தூக்கம் அங்கே, ஆன்ட்டியின் கணவரோடு சீட்டு விளையாடுவதும் அங்கே. மாதம் ஏதாவது கொடுக்கிறேன் என்று என் மனைவி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். ஆன்ட்டி கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வருடம் தீபாவளியும் உங்கள் நோன்புப் பெருநாளும் ஒட்டி வந்தன. பரீட்சை முடிந்து பள்ளி மூடும் நேரம். உங்கள் மூன்று பிள்ளைகளும் என் மகளும் காரிடாரில் முன்னும் பின்னும் ஓடி எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை பார்த்தீர்கள். அது நாள்காட்டி அடிக்கிற காலம். வெட்டிய மிச்சம் வெள்ளைவெளேரென்று நாடா நாடாக விழும். முதலாளியிடம் கேட்டு அதை ஒரு கட்டாகக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். "இதுல ரெண்டு பெருநாளையும் முடிச்சிரலாம் மாப்ளே" என்றீர்கள்.

பசை காய்ச்சியது உங்கள் வீட்டில்தான். அச்சகத்தில் பூச்சி வராமல் இருக்கத் துத்தம் போடுவார்கள், இங்கே பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும், உப்பு போதும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லிக்கொண்டே கிண்டினீர்கள். பலூன் ஊதும் வேலை என் தலையில் விழுந்தது. நோன்பு வைத்தவன் பலூன் ஊதக் கூடாது என்று பிள்ளைகளிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னீர்கள். அப்படி ஒரு விதி உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊதிய பலூன் மேல் பிள்ளைகள் நாடாவைப் பசையில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினார்கள். காய்ந்ததும் ஊசியால் குத்த வேண்டும். உள்ளே பலூன் சுருங்கிக் காகிதத்தை விட்டுப் பிரியும்போது ஒரு சத்தம் வருமே, அதற்காகவே நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முட்டை வடிவத்தில் கெட்டியான வெள்ளை விளக்கு. வெறுமையாக இருக்கிறதே என்று அச்சகத்தில் மிச்சமான மையைக் கொண்டுவந்தீர்கள். மிச்சம் இருந்தது நீலம் ஒன்றுதான். பிள்ளைகள் நீலத்தில் கோடு, புள்ளி, பூ என்று கைக்கு வந்ததை வரைந்தார்கள். உள்ளே சின்ன பல்ப் வைத்து, உங்கள் வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு, எங்கள் வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு தொங்கவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, மாமா. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

மறுநாள் நீங்கள் நோன்பு துறக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் லிஃப்ட் திறந்தது. ஆன்ட்டியின் கணவர் மூன்று வாரமாக மருத்துவமனையில் இருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆன்ட்டி வீட்டுக்குக் கூட்டிவருகிறார். நான் வாசலில் நின்று கையாட்டினேன். ஆன்ட்டி விளக்குகளைப் பார்த்தார். நின்றார். தன் உள்ளங்கையால் கணவரின் கண்களை மூடினார். அப்படியே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். கீழே இறங்கி, மாடியின் மறுகோடியில் இருக்கிற இன்னொரு லிஃப்டில் ஏறி, சுற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த நாள் மகள் பள்ளியிலிருந்து வந்து அவர்கள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. யாரும் திறக்கவில்லை. உங்கள் மனைவி பார்த்து உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போயிருக்கிறார். உங்கள் வீட்டில் ஏற்கனவே மூன்று பிள்ளைகள், படுக்கையில் உங்கள் மாமியார். எத்தனை நாள் அங்கே விடுவது? அன்று இரவு என் மனைவி வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அவள் சம்பளம் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

என்ன குற்றம் என்றே நமக்குப் புரியவில்லை. கீழே மளிகைக் கடையின் சீன முதலாளியான தவுக்கேயிடம் நீங்கள்தான் போய்க் கேட்டீர்கள். நானும் பின்னால் நின்றேன். அவர் மலாயில் கத்தினார். ரெண்டு பேருக்கும் பைத்தியமா, வெள்ளையில் நீலம் போட்டு வாசலுக்கு இரண்டு பக்கமும் கட்டினால் அது செத்த வீட்டு விளக்கு, நோயாளி வீடு திரும்புகிற நேரத்தில் அவன் போவதற்கு முன்னாலேயே கட்டி வைத்திருக்கிறீர்களே என்றார். நீங்கள் தலை குனிந்துகொண்டு, சீனர் வீட்டுக்கு நல்லெண்ணத்துக்குக் கொண்டுபோகிற ஆரஞ்சில் இரண்டு கேட்டீர்கள். நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடு என்றும் சொல்லி அனுப்பினார்.

மேலே வந்து விளக்குகளை அவிழ்த்தோம். உங்கள் சின்னவள் அழுதாள்.

"நாங்க என்ன தப்பு செஞ்சோம் வாப்பா?"

"தப்பு இல்லம்மா. அடுத்த வீட்டுல சொல்லக் கூடாத வார்த்தைய அர்த்தம் தெரியாம சத்தமா சொல்லிட்டோம். அவ்வளவுதான்."

"நாங்க ஒண்ணும் பேசவே இல்லயே."

"விளக்கு பேசிருச்சு."

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. விளக்குகளை அவளே சுமந்து உங்கள் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினோம். ஆன்ட்டி மரக்கதவைத் திறந்தார், கம்பிக் கதவைத் திறக்கவில்லை. ஆரஞ்சை நீங்கள் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றீர்கள். ஆன்ட்டி வாங்கவில்லை. உள்ளேயிருந்து அவர் கணவரின் குரல் வந்தது. நான் இன்னும் புறப்படவில்லை, புறப்படும்போது உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. ஆன்ட்டி கதவைச் சாத்தினார். ஆரஞ்சுகளைக் கம்பிக் கதவுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தோம். காலையில் பார்த்தேன், அங்கேயே இருந்தன.

மூன்று நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் மாலை ஆரஞ்சுகளைக் காணவில்லை.

தீபாவளி காலையில் எங்கள் கம்பிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே பல வருடத்துச் சீனப் புத்தாண்டுக்கு வந்து, காசு எடுத்தபின் சேர்த்து வைத்த, சீனர்களுக்கு மங்கலமான சிவப்பு அங்பாவ் உறைகள். நான் உங்களைக் கூப்பிட்டேன். பையைப் பார்த்ததும் நீங்கள் திரும்பிப் போய்ப் பசைச் சட்டியை அடுப்பில் வைத்தீர்கள். தீபாவளி உடுப்போடு மகளும், கூடவே உங்கள் பிள்ளைகளும் மறுபடியும் காரிடார்த் தரையில் உட்கார்ந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த விளக்குகளை எடுத்து, உறைகளைப் பிரித்து, கிழித்து ஒட்டி, வெள்ளை தெரியாமல் மூடினார்கள். பாதி ஒட்டும்போது ஆன்ட்டி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் கணவரை நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார். உறைகளில் இருந்த எந்தப் பொன்னெழுத்து தலைகீழாக ஒட்டியிருக்கிறது என்று கணவர் விரலால் காட்டக் காட்டப் பிள்ளைகள் பிய்த்து ஒட்டினார்கள். நமக்கு எது நேர், எது தலைகீழ் என்று எங்கே தெரியும்?

ஆன்ட்டி என் மகளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். உண்மையில் நாலு இட்டலி சாப்பிட்டிருந்தாள்.

அடுத்த சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஆன்ட்டியின் கணவர் போய்விட்டார். நம் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே பந்தல். அங்கே இரண்டு பக்கமும் தொங்கிய விளக்குகளைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். முட்டை வடிவம், வெள்ளை, நீல எழுத்து. உங்கள் சின்னவள் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி மேசையில் உட்கார்ந்து இறந்தவருக்காக எரிக்கிற பொன் காகிதத்தைப் படகு போல மடித்துக்கொண்டிருந்தார். என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து மடிக்கச் சொன்னார். அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அது உங்கள் மார்க்கத்துக்கு ஆகாது என்று ஆன்ட்டிக்குத் தெரிந்திருந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு நூல் கண்டையும் ஒரு கத்தரிக்கோலையும் உங்கள் முன்னால் தள்ளினார். எல்லாம் ஒரே அளவு இருக்கும்படி வெட்டிக்கொண்டே இருந்தீர்கள். நான் தேநீர் ஊற்றினேன். கட்டிலுக்கு அடியில் வைத்த விளக்குகளைப் பற்றியோ சாத்திய கதவைப் பற்றியோ அதற்குப் பிறகு யாரும் பேசியதில்லை.

உங்களைச் சுவா சூ காங்கில் அடக்கம் செய்த அன்று ஆன்ட்டியும் வந்திருந்தார், தடி ஊன்றிக்கொண்டு. தலையில் துணி போட வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்து போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இதுவரை சொன்னது நேற்று. இங்கே இன்று மாலை விளக்குகள் காய்ந்துவிட்டன. பிள்ளைகள் வாசலில் கட்ட வேண்டும் என்று குதித்தார்கள். வெள்ளைதான். நான் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மகளோடு போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். இந்த மாடியில் யாருக்கும் யாரையும் தெரியாது. ஒரு சீன இளைஞர் திறந்தார், காதில் எதையோ மாட்டியிருந்தார். மகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, வெள்ளைதான் அழகு, தாராளமாகக் கட்டுங்கள் என்றாராம்.

மகள் திரும்பினாள். நான் திரும்பவில்லை.

"அவரோட வீட்டுக்குப் பெரியவங்க யாராச்சும் வருவாங்களான்னு கேளும்மா."

கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய அம்மா வருவாராம்.

விளக்குகள் இப்போது வாசலில் எரிகின்றன. சனிக்கிழமை சாயங்காலம் கழற்றி உள்ளே மாட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சின்னவன் கேட்டான். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றேன்.