வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை

அன்புள்ள பாக்கியம்,

நீ இன்னும் நம் மகள் வீட்டில்தான் இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்கமாட்டாய்.

என் மர்ம நாவலை மறுபடியும் படமாக்குகிறார்கள். கதாநாயகி வேம்புவாக நடிப்பது புதுப்பெண். பழைய வேம்புவை எப்படி மாற்றலாம் என்று ஆளாளுக்கு என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது.

இன்று காலை ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வயலில், நடவின்போது வேம்பு பிணத்தைக் காணும் காட்சியை எடுத்தார்கள். முதல் படத்தில் நடித்தவள் முன்னால் நடந்தபடி நாற்று நட்டாள். எதிரே பிணத்தைப் பார்த்து அலறினாள். நடவு பின்னால் நகர்ந்துதான் என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. இந்தப் பெண் மூன்று நாள் நடவு பழகியிருந்தாள். குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தாள். சேற்றில் கிடந்த பொம்மைப் பிணத்தில் குதிகால் பட்டது. அலறவில்லை. கையிலிருந்த நாற்றை நட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏம்மா கத்தல?" என்றார் இயக்குநர்.

"காலுக்குத் தெரிஞ்சிடுச்சு சார். திரும்பிப் பாக்க மனசு வரல."

உன் தம்பி வயலில் பிணமாகக் கிடந்த அன்று நீயும் அப்படித்தான் நின்றாய். "திரும்பாத வரைக்கும் அவன் உசுரோட இருப்பான்னு நெனச்சேங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். நான் அதை அலறலாக்கி நாவலில் வைத்தேன்.

"நெசத்துல யாருக்காவது இப்படி நடந்துச்சா சார்?" என்று இயக்குநர் கேட்டார். வழக்கம்போல, இல்லை என்றேன்.

பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று ஒரு தாளை அச்சடித்து, மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் எழுதியவன்