நான் சொன்ன நாற்பத்து நான்கு தப்பு

கொரட்டூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜெபிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை இவானும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்காத நாளில்லை. நல்லபடியாக இருக்கிறோம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஐந்தாறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் கேட்காமலே வைத்திருக்கிறாய், குழந்தைப் பேச்சை எடுப்பதாக இருந்தால் கூப்பிடாதே என்று எழுதியும் விட்டாய். அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன மாதம் நீ போன் செய்து, அங்கே லேடி டாக்டர் கேட்கிறார், உனக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று கேட்டாய். நான் இட்லி மாவு கரைத்துக்கொண்டே, நீ காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, நாற்பத்து நாலு வயதில் என்று சொல்லிவிட்டேன். நீயும், அப்ப எனக்கு இன்னும் டைம் இருக்கும்மா, முப்பத்தஞ்சுதானே ஆகுது, ரெண்டு மூணு வருஷம் போகட்டும் என்று நிம்மதியாகச் சிரித்தாய். அந்த டாக்டரிடம் வாங்கியிருந்த தேதியையும் தள்ளிப் போட்டாய். அம்மு, அந்தக் கணக்கு தப்பு. நான் சொன்னது பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்த என் வயது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா எனக்கு அறுபது முடிந்ததென்று வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார். நான் வேண்டாமென்றாலும் கேட்கிற மனிதரா அவர், கேக் வேறு சொல்லிவிட்டார். அயனம்பாக்கத்திலிருந்து ஹெலினா பெரியம்மா வந்திருந்தாள். கேக்கை எனக்கு ஊட்டிக்கொண்டே, உனக்கு இன்னாடி அறுபது, என்னவிட நாலு வயசு சின்னவ நீ, பால்குடி மறக்காதவள இஸ்துகினு போய் இஸ்கூல்ல குந்த வெச்சாரு நம்ம நைனா என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உனக்குப் போனில் சொன்னது சுரீரென்று நினைவுக்கு வந்தது. மீதிக் கேக்கைத் தட்டோடு வைத்துவிட்டுப் போனைத் தேடினேன்.

உனக்கு இது தெரியாது. அப்போது நாங்கள் நெமிலிச்சேரியில் இருந்தோம். பெரியம்மாவுக்கு ஏழு வயதாகியும் தண்டவாளம் தாண்டித் தனியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம். எனவே தாத்தா துணைக்கு என்னையும் கூட்டிப்போய் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டார். எனக்கு மூன்றுதான் முடிந்திருந்தது. தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்களாம், எட்டவில்லையாம். ஆனால் பெரிய வாத்தியார் எங்கள் சபைக்காரர், தாத்தா முகத்துக்காகச் சிரித்துக்கொண்டே மூன்று வயது கூட்டி எழுதிவிட்டார். வகுப்பில் பாதி நேரம் பெரியம்மா மடியில் தூங்குவேனாம். பிறகு ஆதார், ரேஷன் கார்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை எல்லாவற்றுக்கும் அந்த வயதுதான். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. மாதவிடாய் நின்றபோது எனக்கு நாற்பத்தொன்றுதான், ஜெபி.

மறுநாளே அம்பத்தூரில் டாக்டர் ஹேமாவதியிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா, இன்னாத்துக்கு நீ இப்டி பதறிகினு கீறே, அவ படிச்ச பொண்ணு, அவளுக்குத் தெரியாதா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மாவுக்கு எப்போது நின்றதோ அதை வைத்து மகளுக்கு ஒரு குத்துமதிப்புதான் போட முடியுமாம், முன்னே பின்னே ஆகலாம், யாராலும் தேதி குறிக்க முடியாதாம். இரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் முட்டை எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு தெரியுமாம். ஆனால் முழுசாக நிற்பதற்குப் பல வருஷம் முன்பிருந்தே கரு தங்குவது குறைந்துகொண்டு வருமாம். அக்கா தங்கை யாருக்காவது எப்போது நின்றது என்றும் கேட்டார். பெரியம்மாவுக்குத்தான் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்களே, அவளை வைத்து என்ன சொல்வது. உனக்குக் கணக்குப் போட இருந்தது என் வயது ஒன்றுதான், அதையும் நான் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடியோவில் பேசும்போது, ரெண்டு மாசமா வரலம்மா, நைட் ஷிஃப்டால இருக்கும் என்றாய். பேசிக்கொண்டிருக்கும்போதே முகமெல்லாம் வேர்த்து எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாய். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கம்பெனியில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் ஜாக்கெட் நனைந்துவிடும், நானும் வேலைப்பளு என்றுதான் நினைத்தேன். அது இதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் என்ன டாக்டரா. ஆனால் இந்த எண்ணம் வந்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்பு போட்டுவிட்டேன், அப்பா அதில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

பேரன் பேத்தி கேட்டு இதை எழுதவில்லை. இதுவரை கேட்டு உன் உயிரை வாங்கியது உண்மைதான், அதனால்தான் இப்போது நான் கத்துவது உன் காதில் ஏறவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் குழந்தை வேண்டாமென்றால் வேண்டாம், என் வாயிலிருந்து இனி அந்தப் பேச்சே வராது. ஆனால் வேண்டாம் என்பதை நீ சொல்ல வேண்டும் கண்ணு. நீ பிறகு பிறகு என்று இருக்கும்போது உன்னைக் கேட்காமல் உன் உடம்பு சொல்லிவிடக் கூடாது.

மாப்பிள்ளையிடமும் இதைக் காட்டு, மறைக்காதே. ராத்திரி வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார், நேரத்துக்குச் சாப்பிடு. உன் வயிற்றையும் உன் வாழ்வையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் இருவர் தலையிலும் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்.

மறந்துவிடாதே, இதைப் படித்து முடித்ததும் அந்த டாக்டருக்குப் போன் செய்து, அம்மாவுக்கு நாற்பத்தொன்று என்று சொல். எனக்குப் போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா
ஜெயசீலி கிறிஸ்துராஜ்