ஒலி சரியில்லை என்று எழுதியவளுக்கு

வியாசர்பாடி,
12-4-2007

மெஹ்னாஸுக்கு ரமாபாய் எழுதுவது.

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். இரண்டாம் தேதி மீட்டிங்கில் ஷார்ஜா ஹெட் ஆபீஸிலிருந்து உன் குரல் கணீரென்று கேட்டதே. ஆபீஸ் மெயிலில் எழுதினால் மேனேஜர் படித்துவிடுவார். அதனால்தான் தபால்.

ராசையா அண்ணனை மறந்திருக்க மாட்டாய். திருவொற்றியூர் யார்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னோக்கி வரும்போது நின்று கை காட்டுகிறவர். நீ என் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த காலத்தில், ரம்ஜான் பிரியாணியில் அவருக்கென்று தனி டப்பா கொண்டு வருவாய். போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி அந்த வண்டி பிரேக் பிடிக்காமல் உருண்டு வந்து அவர் மேல் ஏறிவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிரேக் சரியில்லை என்று முதலில் சொன்னவரே அவர்தான். அதை நான் டைப் செய்து அனுப்பினேன். பிப்ரவரி இருபத்தாறு ஒன்று, மார்ச் பன்னிரண்டு ஒன்று. இரண்டும் உன் பெயருக்குத்தான் வந்தன. இரண்டுக்கும் "நோட்டட், தேங்க்ஸ்" என்று பதில் போட்டவளும் நீதான்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் காலைப் பற்றிப் பேசவே இல்லை. "நான் குடிச்சிகினு வண்டிக்குக் குறுக்க நின்னேன்னு எழுதிக்கிறாங்களாமே தங்கச்சி? நான் பீடி கூட புடிக்காதவன். பிரேக்கு மேட்டரு உனக்குத் தெரியும். நீயாவது சொல்லு" என்றார். சொல்கிறேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி அந்த மீட்டிங். இன்டர்நெட் வழியாக மீட்டிங் தொடங்கிய வருஷம் நீ எனக்கு ஒரு தாள் எழுதி அனுப்பினாய். இருபது இங்கிலீஷ் வரிகள், பக்கத்தில் தமிழில் அர்த்தம். பஸ்ஸில் முணுமுணுத்து, சோறு வடிக்கும்போது முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். இரண்டு வருஷத்தில் ஒரு வரி கூடப் பேச விட்டதில்லை. "உன் வியாசர்பாடி இங்கிலீஷ் மைக்குல போச்சுன்னா ஆபீஸ் மானம் போயிடும்" என்பார் மேனேஜர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஃபைல் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

அன்றைக்கு அவர், தொழிலாளி குடித்திருந்தான், வண்டியைப் பற்றி எந்தப் புகாரும் வந்ததில்லை என்று வாய் கூசாமல் சொன்னார். நான் மைக்கை என் பக்கம் இழுத்தேன். "சாரி டு இன்டரப்ட்" என்றேன். "ஐ வுட் லைக் டு ஆட் சம்திங்" என்றேன். எல்லாம் நீ எழுதிக் கொடுத்தது. அதற்கு மேல் போக உன் தாளில் வரி இல்லை. இந்த ஆள் பொய் சொல்கிறான் என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று நீ எழுதித் தரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரேக் நாட் வொர்க்கிங், டூ மெயில் ஐ சென்ட், சார் இஸ் டெல்லிங் லை. அந்தப் பக்கம் யாரோ சிரித்தான். இன்னொருத்தன், கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றான். திரும்பச் சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை என்றான். மூன்றாவது முறை வாயைத் திறப்பதற்குள் உன் குரல் வந்தது. "லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்."

தாளில் அதற்கு நேரே, 'இதைப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தாய். பத்து நாள் ஆகிறது. யாரடி பேசினீர்கள்?

மீட்டிங்கில் பேசியதை எழுதி எல்லோருக்கும் அனுப்புவது உன் வேலை. வந்தது, படித்தேன். 'ரமாபாய் பேசினார், ஒலி சரியில்லை.' கீழே உன் பெயர். என் ஒலிக்கு என்னடி குறை? யார்டு முழுக்கக் கேட்கிற தொண்டை இது.

பவுனம்மாள் அண்ணி ஆபீஸ் வாசலுக்கே வந்து என்னை மறித்தார். "இங்கிலீசு தெரிஞ்சவங்கோ எல்லாம் பேசி எம்புருசன் மேல பழிய தள்ட்டீங்கோ. நீயும் உள்ளதானே குந்திகினு இருந்த, இன்னா பேசுன?" என்று கேட்டார். பேசினேன் என்று சொன்னால் நம்புவாரா? நான் என்ன பேசினேன் என்பதே உன் எழுத்தில் இல்லையே.

மே பத்தாம் தேதி விசாரணை. என் கம்ப்யூட்டரில் அந்த மெயில்களை அழித்துவிட்டார்கள். உன்னிடம் இருக்கும். இரண்டையும் பிரின்ட் எடுத்து என் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. உன் விசா அவர்கள் கையில் என்பது தெரியும். உன் பிள்ளை மொஹ்சினின் பள்ளிக்கூடம் அங்கேதான் என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

ரமாபாய்


வியாசர்பாடி,
28-5-2007

மெஹ்னாஸ்,

உன் கவர் மே ஏழாம் தேதியே வந்துவிட்டது. பிரித்து உதறிப் பார்த்தேன். இரண்டு மெயிலும், அவற்றுக்கு நீ போட்ட பதிலும் மட்டும்தான். உன் கையால் ஒரு வரி இல்லை. அவ்வளவு திமிரா உனக்கு என்று அன்றைக்குத் திட்டினேன்.

விசாரணையில் அவற்றை மேஜை மேல் வைத்தேன். எப்படிக் கிடைத்தது என்று மேனேஜர் எகிறினார். தேதியைப் படியுங்கள் சார் என்றேன், தமிழில். ராசையா அண்ணன் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யார்டு கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவார்களாம். என்னைப் பழைய ஃபைல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

இன்றைக்கு மீட்டிங் நடந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உன் இடத்தில் வேறு ஒருத்தி பேசினாள். மத்தியானம் ஷார்ஜாவுக்கு போன் போட்டேன். அப்படி யாரும் இப்போது இங்கே இல்லை என்று வைத்துவிட்டார்கள். சாயங்காலம் தண்டையார்பேட்டையில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். நீ பேசிப் பன்னிரண்டு நாள் ஆயிற்றாம். என்னிடம் ஏதாவது சொன்னாயா என்று கேட்கிறார். நான் என்ன சொல்வேன்?

இதையும் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும். என் கோபம் இன்னும் ஆறவில்லை. உன்னை நேரில் வைத்துத் திட்டினால்தான் ஆறும். ஒரு போன் பண்ணுடி. ராத்திரியோ பகலோ, எடுப்பேன். நீயும் பிள்ளையும் கை கால் சுகத்தோடு ஊர் வந்து சேர வேண்டும். அது போதும் எனக்கு.

உன்
ரமா