வெள்ளை நூல் கட்டிய டப்பா

விடாத இருமல் என்று இன்று காலை கோவில்பட்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள், சளி எடுத்து வரச் சொல்லி. ஊர் ஊராக நர்ஸ் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேரிடம் நான் நீட்டிய டப்பாதான். எனக்கென்று வாங்குவது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு பெயர் கேட்டதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசலுக்குள் நடந்தால், பருத்தி மூட்டை அடுக்கிவைத்த அந்தப் பழைய கிட்டங்கி. சண்டைக்குத் தப்பி, இலங்கையில் மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்திறங்கிய உங்களையெல்லாம் அதில்தான் தங்கவைத்திருந்தார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலைதான் சுவர். மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் வந்து பெயர் கொடுக்கலாம் என்று நோட்டை விரித்து உட்கார்ந்தேன். ஒருத்தரும் வரவில்லை. சேலைகளுக்குப் பின்னால் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

“இருமல் கேக்குது, ஆள எங்க? வேல வெட்டி இல்லாமலா இந்த வெயில்ல வாரேன்?” என்று கத்தினேன்.

நீங்கள்தான் எழுந்து வந்தீர்கள். “மிஸ்ஸி, முதல்ல அந்தக் கொப்பியை மூடுங்கோ. பேர் எழுதினா கப்பல்ல ஏத்திப்போடுவினம் எண்டு சனம் பயப்படுது.”

ஊருக்குத் திருப்பி அனுப்பக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது. என் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

பெயர் இல்லாமல் எப்படி அனுப்புவது என்றேன். மறு வாரம், நான் விட்டுப்போன டப்பாக்களில் சளி எடுத்துத் தயாராக வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும், அந்தந்தக் குடும்பத்துத் தடுப்புச் சேலையிலிருந்து உருவிய நூல். பச்சை, கத்தரிப்பூ, மஞ்சள், ஒரு வெள்ளை. சீட்டிலும் பெயருக்குப் பதில் அந்த நிறத்தையே எழுதி அனுப்பினேன். “என்ன சிஸ்டர், சளி அனுப்புதீயளா, ஜவுளி அனுப்புதீயளா?” என்று ஆய்வகத்து அண்ணாச்சி சிரித்தார்.

பச்சைக்கும் வெள்ளைக்கும் காசநோய் என்று முடிவு வந்தது. அன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். வெள்ளை யார் என்று கேட்டேன். “வெளியில வேலைக்குப் போற ஆள். நான் குடுக்கிறன்” என்றீர்கள்.

கிட்டங்கியில் வெள்ளைச் சேலை கிடையாது. அது முகாமுக்கென்று நான் கொடுத்திருந்த பேண்டேஜ் துணியின் நூல். அந்தத் துணி உங்கள் பெட்டியில்தான் இருந்தது. ஒண்டியாளான உங்களுக்குத் தடுப்பும் இல்லை. வெள்ளை நீங்கள்தான் என்று அப்போதே புரிந்துவிட்டது, புரியாத மாதிரி இருந்துகொண்டேன். முகாமில் மாத்திரை கொடுத்துவந்ததே நீங்கள்தான்; வியாதி உங்களுக்கே என்று தெரிந்தால் உங்கள் கையால் யார் மாத்திரை வாங்குவார்கள்? “வெள்ளைகிட்ட சொல்லுங்க, ஆறு மாசம் ஒரு நாள்கூட விடக் கூடாது” என்று வாராவாரம் உங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “ஓம் மிஸ்ஸி, சொல்லிறன்” என்பீர்கள், சிரிக்காமல்.

மூன்றாம் மாசம், எல்லாரும் பயந்த அந்தக் கப்பலுக்கு நீங்களே பெயர் கொடுத்தீர்கள். அங்கே அம்மா தனியாக இருக்கிறாராம். பாதியில் விட்டால் வியாதி முன்னைவிட மோசமாகத் திரும்பும். அப்புறம் இதே மாத்திரை கேட்காது. மீதி மூன்று மாசத்துக்கும் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி, “வெள்ளைகிட்ட குடுத்திருங்க” என்று உங்கள் கையில் திணித்தேன். பதிவேட்டில், மாத்திரை மழையில் நனைந்து வீணானது என்று எழுதினேன். நான் எழுதிய ஒரே பொய்க் கணக்கு அதுதான்.

அதன்பிறகு உங்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. முழுசாகச் சாப்பிட்டீர்களா, வழியிலேயே பறிகொடுத்தீர்களா என்று எத்தனையோ நாள் நினைத்துக்கொள்வேன்.

பல வருடம் கழித்து, அங்கே சண்டை ஓய்ந்திருந்த சமயத்தில், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் முகாமுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தார். உங்களை விசாரித்தேன்.

“அவ போன மாசம் செத்துப்போனா, மிஸ்ஸி.”

“இருமலா?” என்றுதான் முதலில் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இருமலோ? எங்கட பக்கத்து வீடுதான். இத்தனை வருசத்தில அவ இருமி நான் கேட்டதே இல்லை. வயலுக்குள்ள பாம்பு கடிச்சது.”

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. முழுசும் சாப்பிட்டிருக்கிறீர்கள், ஒரு நாள் விடாமல்! நீங்கள் செத்த சேதியைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.