ரிஹானாவின் முதல் மாணவன்

யாங்கோன், 2009

என் பிரியமானவளே, ஸலாம்.

நம் மகள் ரிஹானா கையை ஒடித்துக்கொண்டு, அது கூடிய பிறகும் ஸ்கேட்போர்டை விடாததில் உனக்கு என்மேலும் கோபம். பினாங்குக்குப் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாகசங்களைப் பத்திரமாகக் கற்றுத்தரும் பயிற்றுநராவதற்கு நேற்று தாகேதா ஸ்கேட்போர்டு மைதானத்தில் அவளுக்குத் தேர்வு. மாணவன் நான்.

முதலில் அடிபடாமல் விழுவதற்குப் பழக்கினாள். உற்சாகத்தில் நான் உயரமான சரிவில் ஏறினேன். அவள் பின்னாலேயே வந்து என் பலகையைக் காலால் மிதித்து நிறுத்திவிட்டாள்.

“வேணாம் வாப்பா. உங்களுக்கு இன்னும் முட்டி மடங்கல.”

“எல்லாரும் பாக்குறாங்கம்மா!”

“பாக்கட்டும். உங்களுக்கு ஒண்ணுன்னா உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அப்படித் தடுத்ததற்காகவே தேர்வாளர்கள் அவளுக்குத் தேர்ச்சி தந்தார்கள். அவள் அதட்டியது அச்சு அசல் உன் குரல்.

இடுப்பு வலிக்கிறது. தைலம் எங்கே என்று கேட்கவாவது கூப்பிடுகிறேன், எடு.

உன் வீட்டுக்காரன்