நீ வெளியே எடுக்காத மை டப்பா

தம்பி,

மேசை மேல் ஒரு மை டப்பா இருக்கிறது. உள்ளே மை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. வாசனை மட்டும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு சொல் முடியும்போதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்துக்கு அந்தச் சிரிப்பு பொருந்தாது என்று தெரியும்.

நீ என் வயலைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து நெல் நட்ட முதல் வருடம், மானியம் கேட்டு விவசாய ஆபீஸான கிருஷி பவனுக்குப் போனாய். நிலம் உன் பெயரில் இல்லாததால் என் சம்மதபத்திரம் வேண்டும் என்றார்கள். என்னை அழைத்துப் போனாய். வரிசையில் நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தது.

“கையெழுத்துப் போட்டா நெலம் கையை உட்டுப் போயிருமப்பா. நான் மாட்டேன்.”

“ஏனுங்கண்ணா, உங்க நெலத்தைச் சட்டைப் பையில போட்டுட்டு நான் பொள்ளாச்சி பஸ்ஸா ஏறப் போறேன்?” என்றாய். வரிசையே சிரித்தது.

நிலம் போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை, தம்பி. அத்தனை பேர் முன்னால் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டுக்கு வந்தாய். சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே நின்றாய். நீ வாயைத் திறக்குமுன், “அந்தப் பேச்சை எடுக்காதே” என்றேன். “செரிங்கண்ணா” என்று போய்விட்டாய். உன் வெள்ளைச் சட்டைப் பையில் ஊதாக் கறை இருந்தது. பேனா ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன்.

மானியம் வரவில்லை. உரம் வாங்கக் கறவை மாட்டை விற்றாய். மீனாட்சிபுரம் சொசைட்டிக்கு நீ பால் கொண்டுபோவது நின்றது. டீக்கடையில் என்னைக் குறை சொன்னவர்களிடம், “மண்ணு வெச்சிருக்கறவருக்குப் பயம் இருக்காதுங்களா?” என்று எனக்காகப் பேசினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு அந்த வயலில் நடுவது உன் மனைவிதான். இன்று அவளோடு கிருஷி பவனுக்குப் போனேன். எழுத்தர் என் வயதைப் பார்த்து மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். சம்மதபத்திரத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். “பாத்தியா அம்மிணி!” என்றேன், சந்தோஷம் தாங்காமல்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “அன்னிக்கு அவரு உங்களுக்குன்னே மை டப்பா ஒண்ணு வாங்கியாந்தாருங்க மாமா. உங்க ஊட்டுலயே ஆரும் பாக்காம கைநாட்டு வெச்சுக்கலாம்னு. எடுத்தா உங்க மொகம் வாடிருமுன்னு அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டாருங்க.”

மாலையில் இந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்படியென்றால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்று உனக்கு அன்றே தெரியும். பஸ் வரும்போதெல்லாம் நான் கேட்காமலே, “கோபாலபுரம் பஸ்ஸுங்கண்ணா” என்று நீ ஏன் சொன்னாய் என்பது இப்போது புரிகிறது.

டப்பாவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். லேசாக ஊதா ஊறுகிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் அன்று நீ கேட்டு வந்தது கட்டைவிரலைத்தான். இந்தக் கடிதத்தின் அடியில் அதையே வைக்கிறேன்.