செத்தவள் சிரித்த ஞாயிறு

1961 மார்ச் 12, ஞாயிறு

பூசை முடிந்து பொன்மலைக் கோயில் வாசலில் நின்றபடி பதினேழு பேரிடம் பொய் சொன்னேன். தவக்காலத்துப் பொய்க்குப் பாவம் இரட்டிப்பு என்றால் இந்த லூர்துவுக்கு நரகத்தில் மாடி வீடே கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பொய் என்று முழுதாகவும் சொல்ல முடியாது. அக்கா மகள் அக்னஸ் சினிமாவில் நடித்திருப்பது நிஜம். அதில் அவளுக்கு நாலு நிமிடம் சிரிப்பு, இரண்டு நிமிடம் சாவு. நான் நாற்பது நிமிடம் என்று சொல்லி வைத்தேன். கதாநாயகியே இவளைப் பார்த்துப் பொறாமையில் காய்ச்சலில் படுத்தாள் என்பதும் என் வாயிலிருந்து வந்ததுதான்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் அக்னஸ் பிடித்துக்கொண்டாள். “என்ன மாமா, நாலு நிமிஷத்துக்குப் பின்னால ஒரு சைபர் போட்டுட்டீங்களாமே?”

“கலைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாதும்மா.”

“அப்பா பார்ப்பாரே!”

அதுதான் சங்கதி. மச்சான் அடைக்கலராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். போன வருடம் அவர் ஒரு மாத வேலையாகப் பெரம்பூர் போயிருந்தபோது, முக்கொம்பில் படம் பிடிக்க வந்தவர்களிடம் நானும் அக்காவும் அக்னஸைக் கூட்டிப்போய் நிறுத்தினோம். திரும்பி வந்தவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பொங்கலுக்குத் திருச்சியில் படம் ஓடியது. அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

இப்போது அதே கம்பெனியிலிருந்து கடிதம். அடுத்த படத்தில் பெரிய வேஷம். பெண்ணுக்குப் பதினேழு வயதுதான், அதனால் தகப்பன் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் ஐந்துக்குள்.

1961 மார்ச் 14, செவ்வாய்

மச்சான் தீர்ப்பு சொன்னார். என்னைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து.

“தவக்காலத்துல சினிமா கிடையாது. இவன் படம் ஓட்டுற ஸ்ரீரங்கம் கொட்டகைக்கு அது வருதாமே, ஈஸ்டர் அன்னைக்கு வரேன். ஒரே தடவை பார்ப்பேன். மனசுக்குச் சரின்னு பட்டா கையெழுத்து. இல்லேன்னா துறையூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடுவேன்.”

துறையூர் மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை. நல்ல பையன். பேசும்போது மட்டும் மிளகாய் மூட்டைக்குப் பின்னாலிருந்து பேசுவது போலிருக்கும்.

அக்னஸ் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இருக்கும்போது அவள் ஊமை, பல் தெரியாது. அவர் சைக்கிள் தெரு முனை தாண்டிய பிறகு மெல்லக் கேட்டாள்: “நான் சிரிக்கிறதை அவர் பார்ப்பாரா மாமா?”

பார்ப்பார் என்றேன். இது பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

1961 மார்ச் 24, வெள்ளி

படம் எங்கள் ஸ்ரீரங்கம் கொட்டகைக்கு வந்துவிட்டது. ஆபரேட்டர் ஆகிய அடியேன் முதல் ஆட்டத்தை ஓட்டினேன். பத்தாம் ரீலில் அக்னஸ் ஒரு முறம் நிறையப் பொரியைக் கதாநாயகன் தலையில் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கிறாள் பாருங்கள் — காவிரி ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் கொள்ளிடத்துப் பக்கம் திரும்பியிருக்கும். பன்னிரண்டாம் ரீலில் விஷக் காய்ச்சலில் சாகிறாள். பெண்கள் பக்கம் அழுத அழுகையில் தரை டிக்கெட்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டார்கள்.

1961 மார்ச் 27, திங்கள்

தலையில் இடி.

விநியோகஸ்தரிடமிருந்து தபால். படம் நீளமாம். எல்லாக் கொட்டகையிலும் ஆயிரத்து ஐந்நூறு அடி வெட்ட வேண்டுமாம். பட்டியலில் மூன்றாவது: பத்தாம் ரீல், பொரி கவிழ்க்கும் காட்சி, முந்நூற்று அறுபது அடி, ‘கதைக்கு அவசியமில்லை’.

அவசியமில்லையா! மிச்சம் என்ன? சாவு மட்டும். மச்சான் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, தன் பெண் பாயில் கிடந்து சாவதைப் பார்க்கவா வரப்போகிறார்? கலியாணம் ஆகாத பெண்ணுக்கு மாலை போட்டுத் தூக்கிப் போவதையா? கையெழுத்து போட்டுக் கிழிப்பார்!

முதலாளி ஸ்ரீரங்கராஜன் பக்கத்திலேயே நின்றார். “வெட்டுடா லூர்து. எழுதினபடி செய். துண்டையெல்லாம் டப்பால போட்டுத் திருப்பி அனுப்பணும்.”

வெட்டினேன். அதற்குள் கத்திரிக்கோலை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தேன். பத்து வருடத்தில் எத்தனை நடிகர்களின் தலையை, எத்தனை பாட்டுகளின் சரணத்தை வெட்டியிருக்கிறேன். ஒரு தடவையும் கீழே வைத்ததில்லை.

அந்தத் துண்டை மட்டும் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

1961 மார்ச் 31, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில் நின்றபோதும் மனதில் ரீல்தான் ஓடியது. ஞாயிறு மாட்டினி ஒன்றுக்கு மட்டும் துண்டைத் திரும்ப ஒட்டுவது, ஆட்டம் முடிந்ததும் வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இதற்கும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா? சாமியாருக்கு ரீல் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் அடுத்த ஈஸ்டர் வந்துவிடும்.

1961 ஏப்ரல் 2, உயிர்ப்பு ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பகல் பன்னிரண்டுக்கே கொட்டகைக்குப் போய்விட்டேன். பத்தாம் ரீல் மேஜைமேல், பக்கத்தில் பதின்மூன்றாம் ரீல், கையில் பிலிம் ஒட்டும் சிமெண்ட் பாட்டில். அந்த நேரம் பார்த்துப் பொன்மலைக் கூட்டம் வந்து இறங்கியது, பதினேழு பேரும். கேபின் கதவில் நின்று ‘எப்போ வருவா, எத்தனை பாட்டு’ என்று ஆளுக்கு ஒன்றாய்க் கேட்டார்கள். வாய் பெருமை பேசியது, கை தன்பாட்டுக்கு ஒட்டியது. ஒட்டி முடித்து, டப்பாவில் போட்டு மூடினேன்.

மாட்டினி தொடங்கிற்று. மச்சான் நடு பெஞ்சில், ஈஸ்டர் சட்டை, கழுத்துவரை பொத்தான். பெண்கள் பக்கம் அக்காவும் அக்னஸும். கேபின் துவாரத்திலிருந்து மச்சானின் பின்மண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் ரீல் ஓடியது. பொரி வரவில்லை.

ஐயோ, அப்படியானால் எதில் ஒட்டினேன்? மேஜைமேல் பக்கத்தில் கிடந்த பதின்மூன்றில்! ஓடுகிற படத்தை நிறுத்த முடியுமா? பதின்மூன்றை எடுத்துப் பிரிக்க நேரம் உண்டா? விளக்கில் எரியும் கார்பன் குச்சியைக் கவனிப்பதா, மாதாவைக் கூப்பிடுவதா?

பன்னிரண்டாம் ரீல். அக்னஸ் சாகிறாள். மாலை போட்டார்கள். மச்சான் எழுந்துவிட்டார். அந்த இருட்டிலும் குரல் கேட்டது: “போதும். எழுந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். என் பொண்ணை இதுக்கா கூட்டிட்டுப் போனான் லூர்து?” அக்கா எழுந்திருக்கவில்லை. மச்சான் வாசலை நோக்கி நடந்தார்.

வேறு வழியில்லாமல் பதின்மூன்றாம் ரீலை ஓட விட்டேன்.

திரையில் ஒரு படிக்கட்டு, சலங்கைச் சத்தம். செத்துப்போன அக்னஸ் முறத்தோடு இறங்கி வருகிறாள். பொரியைக் கவிழ்க்கிறாள். சிரிக்கிறாள்.

தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன், “யோவ், இப்பத்தானய்யா அழுது முடிச்சோம்!” என்றான். பெண்கள் பக்கம் ஒரு மாமி, “ரெங்கநாதா, பொழைச்சுண்டுட்டாடீ!” என்று கைகூப்பினாள். அவ்வளவுதான், கூரைத் தகரம் பறக்கிற மாதிரி கைதட்டல், விசில். வடக்கே துறையூர்வரை கேட்டிருக்கும், மளிகைக் கடை தராசு ஆடியிருக்கும்.

மச்சான் வாசல் திரையைப் பிடித்தபடியே திரும்பி நின்றார். நாலு நிமிடமும் நின்றார். பிறகு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

படம் விட்டதும் கேபின் படியேறி வந்தார். அடி விழும் என்று கார்பன் டப்பாவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“மாப்ள, அவ வீட்டுல இப்படிச் சிரிச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே. எப்பவும் இப்படித்தான் சிரிப்பாளா?”

“நீங்க இல்லாதப்போ சிரிப்பா மச்சான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாழ்நாளில் நான் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே வாக்கியம், அதுவும் அவர் நெஞ்சில் போய் இறங்கிவிட்டது. சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

1961 ஏப்ரல் 3, திங்கள்

முதலாளி காலையிலேயே கூப்பிட்டார். “ஏன்டா லூர்து, செத்தவ எப்படிடா பொரி கொண்டு வந்தா?”

ஆட்டம் முடிந்ததும் துண்டை வெட்ட மறந்திருந்தேன்; சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “சாயங்கால ஆட்டத்துக்கு ஜனம் வந்து, பொழைச்சு வர்ற படம்தானேன்னு கேட்டுட்டு டிக்கெட் வாங்கறது. பெருமாள் கிருபை, வியாழன் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். விநியோகஸ்தன் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

1961 ஏப்ரல் 5, புதன்

மச்சான் கையெழுத்து போட்டார். ஒரே நிபந்தனை: சாகிற வேஷம் கூடாது.

1964 செப்டம்பர் 6, ஞாயிறு

மூன்று வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று தொடாமல் இருக்க முடியவில்லை.

அக்னஸ் நடித்த ஆறாவது படம் எங்கள் கொட்டகையில். போஸ்டரில் அவள் பெயர் பறங்கிக்காய் அளவு. ஆபரேட்டர் மாமா பெயரைக் கடுகளவுகூடப் போடவில்லை. மெட்ராஸிலிருந்து போன வாரமே எழுதியிருந்தாள்: ‘மாமா, பதினாலாம் ரீலில் சாகிறேன். கதை அப்படி. இந்த ஒரு தடவை எனக்கே ஆசையாக இருந்தது. அப்பா வரும் ஆட்டத்தில் மட்டும் அதை வெட்டிவிடுங்கள்.’

மாட்டினிக்கு முன் ரீலை விரித்து, கத்திரிக்கோலை எடுத்தேன். பின்னால் செருமல். மச்சான்.

“வெட்டாத.”

“அவதான் எழுதியிருக்கா மச்சான், உங்களுக்கு—”

“எனக்கும் எழுதியிருக்கா. வெட்டாத. ஒட்டவும் ஒட்டாத. முப்பது வருஷமா ஃபிட்டர் வேலை பாக்குறேன், எந்த சாமான் எங்க மாட்டணும்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீ மாத்தி மாட்டினது எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா கையெழுத்து போட்டீங்க?”

“நல்ல சாமான். இடம்தான் தப்பு.”

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பதினாலாம் ரீல் முழுக்க அசையவில்லை. துவாரத்தில் எனக்குத்தான் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, கார்பன் புகை.

படம் விட்டதும் படியேறி வந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“செத்தப்புறம் இடது கண் இமை லேசா ஆடிச்சு. அடுத்த தடவை கவனமா இருக்கச் சொல்லி எழுதிப் போடு.”